பூட்டிய அலமாரியும் அல்மாஊனும்

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற நம் ஊர்களில், முன்னோர் மலேயாவிலிருந்து கொணர்ந்த பீங்கான் தட்டுகள் கண்ணாடி அலமாரிகளில் பூட்டிக் கிடக்கின்றன. கீறல் விழுந்துவிடுமாம்! விருந்தினருக்கும் இல்லை, அண்டை வீட்டார் இரவல் கேட்டாலும் இல்லை.

பொருளைப் பேணுவது கடமையல்லவா என்பீர்கள். ஆம், ஆனால் புழங்காமல் பேணுவது யாருக்காக? குர்ஆனின் 107ஆம் அத்தியாயமான அல்மாஊன், அற்பப் பொருளையும் கொடுக்க மறுப்போரைக் கண்டிக்கிறது. சட்டி, வாளி, கோடரி எனப் புழங்குபொருள்களையே விரிவுரையாளர்கள் சுட்டுகின்றனர்.

நபி (ஸல்) அவர்களின் ஒட்டகம் அள்பாவை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயரும் எதனையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். அந்த ஒட்டகத்திற்கே இல்லாத குறைவின்மை நம் தட்டுகளுக்கு எதற்கு?

அலமாரியைத் திறவுங்கள். அத்தட்டுகளில் பிறர் உண்ணட்டும். கீறல் விழுந்தால் விழட்டும்.