பசளை மூடையும் டீசல் பீப்பாவும்

பசளை என்பது மண்ணுக்குப் போடும் சாமான், அதில் என்ன பயம் என்றுதான் நம்மில் அதிகமானோர் நினைக்கிறோம். சீமெந்துக்குக் காட்டும் கவனத்தைக்கூட நாம் அதற்குக் காட்டுவதில்லை.

1947 ஏப்ரல் 16ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் 'கிராண்ட்கேம்ப்' என்ற கப்பலில் அமோனியம் நைத்திரேற்றுப் பசளை ஏற்றப்பட்டிருந்தது. ஏறத்தாழ 2,300 தொன். சரக்கு அறையில் தீப்பிடித்தது. தண்ணீர் அடித்தால் சரக்குப் பழுதாகிவிடும் என்று அறையை இறுக மூடி நீராவி செலுத்தினார்கள். சூடு கூடிக் கப்பல் வெடித்தது. குறைந்தது 581 பேர் பலியானார்கள். ஊர்த் தீயணைப்புப் படையினர் 28 பேரில் 27 பேர் அதில் அடக்கம். சரக்கைக் காப்பாற்றப் போய் ஊரை இழந்தார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2020 ஆகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூத் துறைமுகத்தில் வெடித்ததும் இதே சரக்குத்தான். 2013இல் ஒரு கப்பலில் வந்த 2,750 தொன், பொறுப்பெடுக்க ஆளின்றி ஆண்டுக்கணக்கில் களஞ்சியத்தில் கிடந்தது. 200 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

அமோனியம் நைத்திரேற்று தானாக எரிவதில்லை. ஆனால் பக்கத்தில் எரியும் தீக்கு ஒட்சிசன் கொடுத்து வளர்க்கும். எண்ணெய் பட்டு, அடைபட்ட இடத்தில் சூடேறினால் வெடிக்கவும் கூடும். நம் வயல்களுக்கு வரும் யூரியா அந்த வகையல்ல. "அப்படியென்றால் நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். யூரியாவோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் வெடிக்கும் தன்மையுள்ள நச்சுப் பொருள் உண்டாகும். நம் கடைகளில் இரண்டும் ஒரே மூலையில்தானே இருக்கின்றன?

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரும்போகத்தில் லொறி வாடகையைப் பாதியாக்க இன்னொருவருடன் சேர்ந்து சாமான் ஏற்றினேன். அவர் என்ன ஏற்றினார் என்று நான் கேட்கவில்லை. இறக்கும்போது பார்த்தால், என் பசளை மூடைகளுக்கு மேலே டீசல் பீப்பா கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. நான் மிச்சம் பிடித்தது பாதி வாடகை. பணயம் வைத்தது நாலு நாட்டாமிமாரின் உயிர்.

வியாபாரிகளாகிய நாம் செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. மூடையில் அல்லது பெட்டியில், வட்டத்தின் மேல் தீச்சுவாலை போட்ட மஞ்சள் அடையாளம் இருந்தால் விளக்கம் கேட்காமல் பொறுப்பெடுக்க வேண்டாம். பசளையுடன் எரிபொருள், கிருமிநாசினி, குளோரின் எதையும் ஒரே லொறியில் ஏற்ற வேண்டாம். ஏற்றும் முன் தட்டைக் கூட்டித் துடையுங்கள். கிழிந்த மூடையில் சிந்தியதைக் கூட்டி நல்ல மூடைக்குள் போடாமல் புறம்பாக வையுங்கள். ஏற்றி இறக்கும் இடத்தில் பீடி, சிகரெட் கூடாது. சாரதியிடம் என்ன சரக்கு என்பதைச் சொல்லி, எழுதியும் கொடுங்கள். தீப்பிடித்தால் அணைக்க வருபவர்களுக்கு அந்தத் துண்டுதான் வழிகாட்டும்.

காப்புறுதிக்காரர் சரக்குக்கு நட்டஈடு தருவார். மூடை தூக்க வந்தவனின் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? அடுத்த லொறி வாசலுக்கு வந்ததும், விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் தட்டில் ஏறி ஒரு தடவை பாருங்கள்.