வீட்டு கரண்ட் பில் தெரியும்... ஊர் கரண்ட் பில் எவ்வளவு தெரியுமா? வரதராஜன்பேட்டை போட வேண்டிய கணக்கு

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கும் அப்பா அம்மா வீட்டு கரண்ட் பில்லை செல்போனிலேயே கட்டுபவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தப் பேச்சு பழக்கமாக இருக்கும். "என்னம்மா, போன தடவை இவ்ளோ வரலையே?" "ஃபேன் மட்டும்தான்பா ஓடுது." அத்தோடு கட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

ஆனால் ஊருக்கு இன்னொரு கரண்ட் பில் இருக்கு. அது யார் செல்போனுக்கும் வருவதில்லை. மின் கட்டண உயர்வை ஓர் ஊர் சேர்ந்து சமாளிக்கணும்னா, தொடங்க வேண்டிய இடம் அந்த பில்தான்.

அது என்ன இன்னொரு பில்?

அரியலூர் மாவட்டத்தில் இருப்பது இரண்டே பேரூராட்சிகள். ஒன்று உடையார்பாளையம், இன்னொன்று முந்திரி விளையும் வட்டாரத்தில் இருக்கும் வரதராஜன்பேட்டை. தெருவிளக்கு எரியவும், குடிநீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறவும் மின்சாரம் வேண்டும். இந்தச் செலவு உள்ளாட்சியின் தலையில் விழுகிறது. அந்தப் பணம் எங்கிருந்து வருது? நாம் கட்டும் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், அரசு தரும் நிதி. சுற்றி வளைத்துப் பார்த்தால் அதுவும் நம்ம பில்தான்.

வீட்டுக்கு மானியம் உண்டு, தெருவுக்கு?

தமிழ்நாட்டில் 8 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தது. அடுத்து 2023 ஜூலையில் 2.18%, 2024 ஜூலையில் 4.83%, 2025 ஜூலையில் 3.16%. இதில் 2023, 2025 உயர்வுகள் வீடுகளைத் தொடவில்லை, அரசே ஏற்றுக்கொண்டது. 2025 நிலவரப்படி வீட்டுக்கு முதல் 100 யூனிட்டும் இலவசமாக இருந்தது.

தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் அந்தச் சலுகை இல்லை. 2024 உயர்வில் இவற்றுக்கான கட்டணம் யூனிட்டுக்கு ரூ.8.15-லிருந்து ரூ.8.55 ஆனது. முதல் யூனிட்டிலிருந்தே இந்த விலைதான்.

ஒரு சின்ன கணக்கு. 5 எச்.பி. மோட்டார் ஒன்று தினமும் 10 மணி நேரம் ஓடினால் சுமார் 37 யூனிட். 2024 விலைப்படி ஒரு நாளைக்கு சுமார் ரூ.316, மாதம் ரூ.9,500-ஐ நெருங்கும். இது ஒரே ஒரு மோட்டாருக்கு. இந்தச் செலவு ஏற ஏற, சாக்கடை தூர்வார, ரோடு போட, குப்பை அள்ள என்று மீதி இருக்கும் பணம் குறையும்.

ஓடந்துறை என்ன செய்தது?

இதே தலைவலி கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கும் ஓடந்துறை ஊராட்சிக்கும் வந்தது. 1996-இல் ஆர்.சண்முகம் ஊராட்சித் தலைவரானார். குடிநீர்த் திட்டமும் தெருவிளக்கும் விரிவாக விரிவாக, சில ஆயிரமாக இருந்த மாத மின் கட்டணம் ஐம்பதாயிரம் ரூபாய் வரை போனது.

முதலில் அவர்கள் பெரிய திட்டத்துக்குப் போகவில்லை. சில தெருக்களுக்கு சோலார் விளக்கு போட்டார்கள். மரக் கழிவில் ஓடும் 9 கிலோவாட் கேசிஃபையர் வைத்து தண்ணீர் ஏற்றினார்கள். செலவு இறங்கியது.

அதன் பிறகுதான் காற்றாலை. 2006-இல் சுமார் ரூ.1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அல்ல, 100 கிலோமீட்டருக்கு அப்பால், உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில். ஆண்டுக்கு சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது, ஊரின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்ற வருமானத்தில் கடனைக் கட்டினார்கள்.

அப்போ நம்ம ஊரிலும் காற்றாலையா?

வேண்டாம். உடுமலைப் பகுதிக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கு, அரியலூருக்கு அது இல்லை. 2006-இல் இருந்த விலையும் விதியும் இன்று இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஓடந்துறை வேலை செய்த வரிசையை: பில்லைப் பார்த்தார்கள், செலவைக் குறைத்தார்கள், சேமித்தார்கள், கடைசியாகத்தான் கடன் வாங்கினார்கள். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் சோலார் பேனல் வரும், இரண்டு வருஷத்தில் பேட்டரி போகும், பழுது பார்க்க ஆள் இருக்காது.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

1. பில்லைக் கேளுங்கள். கடந்த ஓராண்டில் தெருவிளக்குக்கு எவ்வளவு, எந்த மோட்டாருக்கு எவ்வளவு? வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். வெளியூரில் இருப்பவர்கள்கூட இதைச் செய்யலாம்.

2. ஒழுகலை அடையுங்கள். குழாய் உடைந்து ஓடும் தண்ணீரோடு, அதை மேலே ஏற்றிய கரண்டும் சேர்ந்துதான் ஓடுது. தொட்டி நிரம்பி வழிவது, பகலிலும் எரியும் தெருவிளக்கு, தேய்ந்துபோன பழைய மோட்டார் எல்லாமே பணம். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு சோலார் செலவைவிடக் குறைவு.

3. சேர்ந்து வாங்குங்கள். மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் எல்இடி பல்பை மொத்தமாகக் கொள்முதல் செய்ததில், 2014-இல் ரூ.310 ஆக இருந்த கொள்முதல் விலை 2016-இல் ரூ.38-க்கு இறங்கியது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஒரு தெருவே சேர்ந்து 50 ஃபேன் கேட்டால் கடைக்காரர் விலை பேச உட்காருவார்.

ஃபேன் ஏன்? பழைய ஃபேன் சுமார் 75 வாட், புது பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். தினமும் 12 மணி நேரம் ஓடும் 3 ஃபேனை மாற்றினால் ஒரு பில்லுக்கு சுமார் 97 யூனிட் மிச்சம். 2024 ஜூலை வீட்டுக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு ரூ.1,805, ஆனால் 501-க்கு ரூ.2,048. ஒரே யூனிட்டுக்கு ரூ.243 கூடுது! கோடையில் 540 யூனிட் ஓடும் வீடு 443-க்கு இறங்கினால் அந்த ஒரு பில்லில் மட்டும் ரூ.930 மிச்சம்.

4. பிறகு சோலார். 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு. ஆனால் அதற்கு சொந்தக் கூரையும் மீதிப் பணமும் வேண்டும். வாடகை வீட்டுக்காரர், ஓட்டு வீட்டுக்காரர் என்ன செய்வார்? தில்லியில் 2019-லேயே வழி காட்டினார்கள். ஓரிடத்தில் பேனல் வைத்து, அந்த யூனிட்டைப் பல வீட்டு பில்களில் கழித்துக்கொள்ளலாம். நம் பக்கம் எது சாத்தியம் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் பணம் வசூலிக்க வேண்டும். ஊருக்குப் பொதுவாக யோசித்தால் முதல் பேனல் போக வேண்டிய இடம் குடிநீர் மோட்டார். மோட்டாரைப் பகலில் ஓட்டினால் போதும், பேட்டரியே தேவைப்படாது. பலன் வாடகை வீட்டுக்கும் போகும்.

இதில் கஷ்டமான பகுதி எது?

பணத்தை யார் வைத்திருப்பது, பழுதானால் யார் பொறுப்பு என்பதுதான். ஆனால் இது நம் ஊர்களுக்குத் தெரியாத வேலை இல்லை. திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்கி, நோட்டில் எழுதி, கடைசியில் வரவு செலவை மைக்கில் வாசிக்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கூட தன் பங்கை அனுப்பிவிடுகிறார். அந்த நோட்டில் இன்னும் ஒரு பக்கம் சேர்த்தால் போதும். முதல் வரியில் எழுத வேண்டியது: போன மாதம் நம்ம ஊர் கரண்ட் பில் எவ்வளவு?