உடல் நலம்: கண்ணில் தெரிந்த இரத்தக் கொதிப்பு

அல்சூரில் வாழும் நம் சங்க அன்பர் ஒருவர் மூக்குக் கண்ணாடி மாற்றச் சென்றார். கண்ணுக்குள் ஒளி செலுத்திப் பார்த்த மருத்துவர், கண்ணாடியைப் பற்றிப் பேசாமல், "இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்கிறீர்களா?" என்று வினவினார். தலைசுற்றல் நின்றதும், "இனி எதற்கு?" என்று ஆறு திங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டாராம். அளந்தபோது 210/130! அன்றே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டனர்.

கண்ணைப் பார்த்து இதனை எவ்வாறு அறிந்தார் என்று அன்பர் இன்றும் வியக்கிறார். உடலைக் கீறாமலே குருதிக் குழாய்களை நேரிற் காணத்தக்க இடம் விழித்திரையாகும். ஓயாத அழுத்தத்தால் நுண்குழாய்களின் உட்பூச்சு புண்படும். சுவர் தடித்து வழி குறுகும். அழுத்தம் மிகக் கடுமையாயின் சுவரே நைந்து குருதி கசியும். பார்வை நரம்பின் முகப்பும் வீங்கும். சிறுநீரகத்திலும் மூளையிலும் இதுவே நிகழும். ஆங்கே எட்டிப் பார்க்கச் சாளரம் இல்லை. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த மூவர் 1939-இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பு வீங்கிய நிலையிலிருந்தோரில் நூற்றுக்கு எண்பதின்மர் அளவில் ஓராண்டுக்குள் இறந்தனர்.

அன்று தக்க மருந்தில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-இல் மூளையில் குருதி கசிந்து இறந்தார்; அன்று அவரது அழுத்தம் 300/190 வரை ஏறியிருந்தது. நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைத் தணிப்பதை 1949-இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் எழுதி உலகறியச் செய்தவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல். (அவ்வேரை வாங்கி இடித்துண்ண எவரும் முற்படவேண்டா, இன்று அதனினும் நல்ல மருந்துகள் உள.)

கொதிப்புள்ளோர் ஆண்டுக்கொரு முறை விழித்திரையையும் காட்டி வருதல் நன்று. நம் நகரில் சாமராஜப்பேட்டை மிண்டோ அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. வீட்டிலுள்ள தாய்மார்க்கும் ஒரு சொல்: நாளொன்றுக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கவேண்டும். ஊரிலிருந்து வரும் நார்த்தங்காய், கருவாடு, அப்பளம் அனைத்தும் இக்கணக்கில் சேரும். நம் வீட்டில் இதுவே பெரும் வழக்கு!

அன்பருக்கு அழுத்தத்தைச் சிறுகச் சிறுகவே இறக்கினர். மிகு அழுத்தத்திற்குப் பழகிய மூளைக் குழாய்கள், திடீரென இறக்கினால் போதிய குருதியின்றித் தவிக்குமாம். இப்போது மாத்திரையை அவர் மனைவியாரே எடுத்துக் கொடுக்கிறார். கண்ணாடி மட்டும் இன்னும் வாங்கவில்லை. நரம்பின் வீக்கம் வடிந்த பின்னரே பார்வையை அளக்கவேண்டுமென்று மருத்துவர் கூறியிருக்கிறார்.