ரப்பர் வேகும் நேரம்

மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் 'டன்லப்' என்ற பெயரைக் கேளாமல் இருக்க முடியாது. 1959-ம் வருஷம் அம்பத்தூரில் எழுந்த அந்த டயர்த் தொழிற்சாலை ஓய்ந்துபோய்ப் பல வருஷங்களாயின. பெயர் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. அத்தகைய ஆலைகளில் ரப்பருக்கு நடக்கும் ரஸாயன மாறுதல் மிகவும் ரஸமானது.

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றினால் நிலைத்த வலுவும் துவளும் குணமும் உண்டாகும் என்பதை 1839-ல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் கண்டார். ரப்பரின் நீண்ட அணுத்தொடர்கள் உதிரி நூல்களைப் போன்றவை. கந்தகம் அவற்றைக் குறுக்கே பிணைத்து வலையாக்கி விடுகிறது. இந்தப் பிணைப்பு அளவோடு நடந்தால்தான் டயர் உறுதியாயிருக்கும். அதை நம்பி வண்டியில் ஏறுகிறவர்களின் உயிரும் அதைப் பொறுத்ததே.

பிணைப்பின் வேகத்தை நிர்ணயிப்பவை யாவை? முதலாவது உஷ்ணம். சுமார் பத்து டிகிரி உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. அப்படியானால் சூட்டை மேலும் மேலும் ஏற்றிவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். ரப்பரில் சூடு மெதுவாகத்தான் ஊடுருவும். அடுப்பைக் கொளுத்திவிட்டால் பணியாரம் வெளியே கருகி உள்ளே மாவாயிருப்பது போல, கனமான டயரும் மேற்புறம் கெட்டு, உட்புறம் பச்சையாகவே நின்றுவிடும்.

இரண்டாவது, கந்தகத்தின் அளவும் கலவையும். கந்தகம் கூடினால் பிணைப்புகளும் பெருகும்; ஆனால் மிதமிஞ்சிச் சேர்த்தால் ரப்பர் துவளும் குணத்தை இழந்து, பேனாக்கள் செய்யும் எபோனைட்டாக இறுகிவிடும். கந்தகத்தை நுண்ணிய பொடியாக்கி எங்கும் சமமாகக் கலக்க வேண்டும். கட்டியாக நின்றால் அந்த இடம் ஒரு விதமாகவும் மற்ற இடம் வேறு விதமாகவும் வேகும்.

மூன்றாவது ஊக்கி. நூறு பங்கு ரப்பரில் எட்டுப் பங்கு கந்தகத்தை மட்டும் சேர்த்து 140 டிகிரி சென்டிகிரேடில் வைத்தால் வேலை முடிய ஐந்து மணி நேரமாகும். துத்தநாக ஆக்ஸைடு சேர்த்தால் மூன்று மணி போதும். 1906-ல் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் என்ற ரஸாயன சாஸ்திரி, அனிலீன் என்னும் பொருள் இதை வெகுவாக விரைவுபடுத்துவதைக் கண்டார். ஆனால் அனிலீன் விஷம். நேரத்தை மிச்சப்படுத்தித் தொழிலாளியின் தேகத்தைக் கெடுப்பது லாபமாகுமா? அவர் அதற்குப் பதிலாகத் தீங்கு குறைந்த வேறு பொருளை நாடினார். பிற்காலத்து ஊக்கிகள், நூறு பங்குக்கு அரைப் பங்கு சேர்த்தாலே, மணிக்கணக்கை நிமிஷக் கணக்காக்கிவிட்டன.

அதிலும் ஒரு ஆபத்து வந்தது. ஊக்கி அவசரக்காரனாயிருந்தால், ரப்பர் அச்சுக்குள் போகுமுன், கலக்கும் இயந்திரத்திலேயே இறுகிப் பாழாகிவிடும். ஆகவே முதலில் அடங்கியிருந்து, அச்சில் உரிய சூடு ஏறிய பிறகே முனைந்து வேலை செய்யும் ஊக்கிகளை உண்டாக்கினார்கள். வேகமாக நடப்பதைவிட, வேண்டிய சமயத்தில் வேகமாக நடப்பதுதான் முக்கியம்.

டயர் ஆலையை விட்டு வெளியே வந்த பிறகும் இந்த விதிகள் அதை விடுவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயு ரப்பரை மெல்ல அரிக்கிறது; சித்திரை வெயில் அந்த அரிப்பை விரைவாக்குகிறது. உபரி டயரை வெயிலில் போட்டு வைப்பவர், உருளாமலே அதைக் கிழவனாக்குகிறார். வீட்டிலுள்ள மருந்துக்கும் எண்ணெய்க்கும் இதுவே நியாயம். குளிர்ந்த, நிழலான மூலையில் அவற்றை வைத்தால் கெடுதலின் வேகம் குறையும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.