செத்த ஆட்டுல கத்தி வைக்காதீங்க!

'ஆந்த்ராக்ஸ்'னு சொன்னதும் என்ன ஞாபகம் வருது? கவர், பவுடர், அமெரிக்கா... அதானே? 2001-ல் அங்கே தபாலில் வந்த ஆந்த்ராக்ஸ் தூளால் 22 பேர் பாதிக்கப்பட்டு, 5 பேர் இறந்துபோனது நிஜம். ஆனா, ஏனாத்தூர்ல படிக்கிற உங்களுக்கு இது தூரத்து சமாச்சாரம் இல்லை. கிராமத்துல இதுக்குப் பேரே இருக்கு: அடைப்பான். ('தொண்டை அடைப்பான்' வேற நோய். குழப்பிக்காதீங்க!)

ஏனாத்தூரிலிருந்து பெங்களூர் ஹைவேயைப் பிடிச்சு மேற்கே போனா ராணிப்பேட்டை. தோல் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கேதான் 1932-ல் தொடங்கின கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமும் இருக்கு. அடைப்பான் தடுப்பூசி தயாரிக்கிற இடம் அது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா வேலூர் சி.எம்.சி. தமிழக, ஆந்திர எல்லைப் பக்கத்து ஆந்த்ராக்ஸ் நோயாளிகளைப் பத்தி அங்குள்ள டாக்டர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்காங்க. மூளை வரைக்கும் நோய் ஏறினவங்களும் அதில் உண்டு. 2021 ஜூலையில் கோவை ஆனைகட்டி பக்கம் ஒரு காட்டு யானையே இந்த நோயில் செத்துக் கிடந்துச்சு.

சரி, மனுஷனுக்கு எப்படி வருது? சாயங்காலம் நல்லா மேஞ்ச ஆடு, காலையில பட்டியில செத்துக் கிடக்கும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியா கறுப்பா ரத்தம் கசியும், உறையாது. ஆட்டுக்காரர் என்ன செய்வார்? ஆயிரக்கணக்குல போட்ட காசு போச்சு. கறியையாவது கூறு போட்டு வித்துடலாம், தோலாவது தேறும்னு கத்தியை எடுப்பார். அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? அந்த வீட்டுக்கு அந்த ஒரு ஆடுதான் பேங்க் பேலன்ஸ்!

ஆனா, வினை அந்தக் கத்தியிலதான். உடம்பை அறுக்காம விட்டா, அழுகும்போது உள்ளே இருக்கிற கிருமிகளில் பெரும்பாலானவை தானா அழிஞ்சிடும். அறுத்தா காத்து படும். காத்துல இருக்கிற ஆக்சிஜன் பட்டதும் கிருமி தன்னைச் சுத்தி ஓடு கட்டி, விதை மாதிரி ஆயிடும். அந்த விதை மண்ணுல பல வருஷம் சும்மா கிடக்கும். 2016-ல் சைபீரியாவில் உறைபனி உருகினப்போ, பழைய கலைமான் உடல்ல இருந்து கிளம்பினதா நம்பப்படுற ஆந்த்ராக்ஸ், 12 வயசுப் பையன் ஒருத்தனையும் 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்களையும் கொன்னுடுச்சு.

அறுத்தவர் கையில சின்னக் கீறல் இருந்தா போதும். சில நாளில் பூச்சி கடிச்ச மாதிரி ஒரு தடிப்பு, அரிப்பு. அப்புறம் கொப்புளம். நடுவுல கரி மாதிரி கறுப்புப் பொருக்கு, சுத்தியும் வீக்கம். வலி இருக்காது. மாட்டிக்கிறதே அதனாலதான்! 'வலிக்கலையே'ன்னு மஞ்சள் பத்துப் போட்டு விட்டுடுவாங்க. வைத்தியம் பார்க்காட்டி 100-ல் 20 பேர் வரைக்கும் இறக்கலாம். நேரத்தோட போனா பென்சிலின், டாக்சிசைக்ளின் மாதிரி சாதாரண மருந்துலயே குணமாயிடும். டாக்டர்கிட்ட 'செத்த ஆட்டை அறுத்தேன்'னு மறைக்காம சொல்லணும், அவ்வளவுதான். பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒட்டிக்குமோன்னு யாரையும் ஒதுக்க வேண்டாம். ஆளுக்கு ஆள் பரவுறது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறீங்களா? ஆடு, மாடு திடீர்னு செத்தா தொடாம 1962-க்கு போன் பண்ணச் சொல்லுங்க, இல்லேன்னா கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்க. டாக்டர் காதுல இருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார். அடைப்பான்னு தெரிஞ்சா ஆழக் குழிதான், தோலைக்கூட உரிக்கக் கூடாது. மிச்சம் இருக்கிற ஆடுகளுக்குத் தடுப்பூசி.

'நல்லா வேக வெச்சா ஒண்ணும் ஆகாதுடா'ன்னு பாட்டி சொல்வாங்க. அந்த விதை, கொதிக்கிற தண்ணியிலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் பாட்டி! தவிர, குழம்பு கொதிக்கிறதுக்கு முன்னாடியே அறுத்த கை, கழுவின தண்ணி, அருவாமனை எல்லாத்துலயும் அது ஏறி உட்கார்ந்திருக்கும்.