பிறந்த மண்ணும் பிழையாமோ?

ஒரே பல்கலைக்கழகத்திற் பயின்று, ஒரே நிறுவனத்தில், ஒரே பணியில் அமர்ந்த தமிழர் இருவர், அமெரிக்காவில் நிலையாகக் குடியிருக்கும் உரிமை வேண்டி ஒரே நாளில் விண்ணப்பிக்கின்றனர் எனக் கொள்க. ஒருவர் யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். மற்றவர் மதுரையிற் பிறந்தவர். முன்னவர்க்குச் சில ஆண்டுகளிற் பச்சையட்டை கிட்டிவிடும். பின்னவரோ தலை நரைக்கும் வரை காத்துக் கிடத்தல் வேண்டும். அறிவில் வேறுபாடில்லை, உழைப்பில் வேறுபாடில்லை, மொழியிலும் வேறுபாடில்லை. தாய் ஈன்ற இடம் ஒன்றே வேறு!

இக் காலத்தாழ்ச்சிக்கு அலுவலர்தம் சோம்பலே அடிப்படை என்பார் பலர். அது முழுவுண்மையன்று, அணை சட்டத்திலேயே கட்டப்பட்டுள்ளது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம், பணி வழியாகக் குடியேறுவோர்க்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,40,000 இடங்களை ஒதுக்கிற்று. மனைவி மக்களும் அவ்வெண்ணிக்கையிலேயே அடங்குவர். ஒரு நாட்டிற் பிறந்தோர் நூற்றுக்கு ஏழுக்கு மேற் பெறலாகாது. பிறர் எடாது விட்ட இடங்கள் எஞ்சினாலன்றி இவ்வரம்பு தளராது. சிறு தீவாகிய ஐசுலாந்துக்கும் 140 கோடிக்கு மேற்பட்ட மக்களையுடைய இந்தியாவுக்கும் ஒரே உச்சவரம்பு! மதுரையிற் பிறந்தவர் சிங்கப்பூர்க் குடியாக மாறினும் இந்திய வரிசையிலேயே நிற்பார்.

1924-இல் இயற்றிய சட்டத்தால் அமெரிக்கா இனம் பார்த்துக் கதவடைத்தது. 1946-இல் இந்தியர்க்கு ஆண்டுக்கு 100 இடம் என்று சிறிதே திறந்தது. 1965-இல் அப் பழைய பங்கீட்டை ஒழித்து, பிறப்பிடம் பற்றி எவரையும் வேற்றுமைப்படுத்தலாகாது என்று எழுதிற்று. எழுதிய அதே பிரிவிலேயே நாட்டு வரம்பை விலக்காகவும் வைத்தது. ஒரு கை திறந்த கதவை மறு கை சாத்துவது அறமாகுமா?

பெரியோர் பொறுப்பர், பிள்ளைகள் என் செய்வர்? ஐந்தாம் அகவையிற் சென்று, அங்கேயே பயின்று வளர்ந்த மகள் 21-ஐ எட்டியதும் பெற்றோர் விண்ணப்பத்தினின்று நீங்கிவிடுகின்றாள். 2002-ஆம் ஆண்டுச் சட்டம், பணி தருவோரின் வேண்டுகை ஆய்விலிருந்த நாள்களை மட்டுமே அகவையினின்று கழிக்கின்றது. வரிசையிற் கழிந்த ஆண்டுகளைக் கழிப்பதில்லை. பெற்றோர் காத்திருந்தமைக்குப் பிள்ளை ஒறுக்கப்படுகின்றாள்!

வரம்பை நீக்கின் ஓரிரு நாட்டாரே எல்லாவற்றையும் கைக்கொள்வர் என்பார் கூற்றும் எண்ணத்தக்கதே. ஆயின், இடம் பெறுவது திறத்தாலும் முந்துரிமை நாளாலுமாயின், முன் வந்தவன் முன் செல்வதில் முறைகேடு யாது? 2019-இல் அந்நாட்டுப் பேராயத்தின் கீழவை 365-க்கு 65 என்னும் வாக்குகளால் இவ்வரம்பை நீக்க இசைந்தது. 2020-இல் மேலவை வேறொரு வடிவை நிறைவேற்றிற்று. இரண்டும் ஒன்றுபடாமையால் சட்டமாகவில்லை.

அதுகாறும் காத்திருப்போர் தம் உரிமைகளையேனும் அறிந்திருத்தல் வேண்டும். வேண்டுகை ஏற்கப்பட்டபின் பணி மாறினும், பொய்யோ பிழையோ நேர்ந்தாலன்றி, முந்துரிமை நாள் பெரும்பாலும் அழிவதில்லை. ஆகவே ஏற்புத்தாளைக் கண்ணெனக் காக்க. ஆறாண்டுப் பணியிசைவு முடிந்தாலும், ஏற்கப்பட்ட வேண்டுகை இருப்பின் மூன்றாண்டு நீட்டிப்பைக் கேட்டுப் பெறலாம். கணவன் மனைவியருள் ஒருவர் வேறு நாட்டிற் பிறந்தவராயின் அந்நாட்டு வரிசையில் இருவரும் சேரலாம். திங்கள்தோறும் அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடும் வரிசை நாளைத் தவறாது காண்க. அது பின்னோக்கியும் செல்லும்.

உழைப்பை ஏற்கும் நாடு உழைப்பவனையும் ஏற்றல் வேண்டும். வரிசை நாளால் அமைக. பிறந்த மண்ணால் அன்று. பிள்ளையின் அகவை விண்ணப்ப நாளோடு நிற்க. இவ்விரண்டும் இரக்கமல்ல, முறை!