ரத்தம் உறையாமலிருக்க எந்த மருந்து?

இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் பலூன் வைத்து விரித்து, ஸ்டென்ட் பொருத்துகிறார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். 1977-ல் ஸூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்ற டாக்டர் முதன்முதலாகச் செய்த ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சைதான் இப்படி வளர்ந்திருக்கிறது. ஆனால் அப்போது கொடுக்கும் 'ரத்தம் உறையாத மருந்து' பற்றி நாம் யோசிப்பதேயில்லை.

குழாய்க்குள் கம்பியும் பலூனும் நுழைந்ததும், உறை ஊற்றின பால் மாதிரி ரத்தம் கட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் மருந்து. அளவு குறைந்தால் கட்டி விழும். கூடினால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசியும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

வழக்கமாகப் போடுவது ஹெப்பாரின் ஊசி. எடையைப் பார்த்து அளவு வைப்பார்கள். ரத்தம் உறைய எத்தனை நேரமாகிறது என்று அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். அதிகமாகிவிட்டால் முறிக்க புரோட்டமின் என்ற மாற்று மருந்தும் உண்டு. எனாக்ஸபாரின் என்பது இதன் தங்கை மாதிரி. சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். பைவாலிருடின் என்று ஒன்று, அட்டைப்பூச்சியின் எச்சிலில் உள்ள பொருளைப் பார்த்துச் செய்தது. சீக்கிரம் வேலை முடிந்துவிடும், ஆனால் விலை அதிகம். ஹெப்பாரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது கைகொடுக்கும்.

எதைக் கொடுப்பது என்று டாக்டர்தான் முடிவு செய்வார். அப்படியானால் நமக்கென்ன வேலை என்கிறீர்களா? கேளுங்கள்.

போன வருஷம் என் மாமியாருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி. வயசு எழுபத்திரண்டு. "வேறே ஏதாவது வியாதி உண்டா?" என்று டாக்டர் கேட்டார். "அம்மாவுக்கு ஒண்ணும் கிடையாது டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். பிள்ளைகளுக்கு எங்கே தெரியும்? அத்தைக்கு இரண்டு வருஷம் முன்னால் வயிற்றுப்புண் வந்து மலம் கறுப்பாகப் போனதும், முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதும் எனக்குத்தான் தெரியும். சொன்னேன். டாக்டர் உடனே வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தொடை வழியாகப் போகாமல் மணிக்கட்டு வழியாகச் செய்தார். அங்கே ரத்தக்கசிவு குறைவாம். ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலும், வயிற்றைக் காக்க இன்னொரு மாத்திரையும் எழுதினார். அத்தை இப்போது கோயிலுக்கு நடந்தே போய்வருகிறார்.

ஆகவே வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ஒரு சின்ன நோட்டில் இவற்றை எழுதி வையுங்கள்:

1. எடை, வயது.

2. வயிற்றுப்புண், ரத்த வாந்தி, கறுப்பு மலம் வந்ததுண்டா?

3. பக்கவாதம் வந்ததுண்டா? (வந்தவர்களுக்கு பிராசுக்ரெல் மாத்திரை கூடாது.)

4. சிறுநீரகக் கோளாறு, ரத்தசோகை.

5. சாப்பிடும் எல்லா மாத்திரையும். கடையில் கேட்டு வாங்கினதும், நாட்டு மருந்தும் சேர்த்து.

6. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?

இன்னொன்று. ஸ்டென்ட் வைத்த பிறகு மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது. பல் பிடுங்குவதென்றாலும், இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரக்கூடும். ஈறில் லேசாக ரத்தம் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மலம் கறுத்தாலோ தாங்க முடியாத தலைவலி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.